மெத்தனால் தாளில் இல்லாத பதினேழாவது பிரிவு

ஆய்வகத்துக்கு வாங்குகிற ஒவ்வொரு ரசாயனத்தோடும் ஒரு தாள் வரும். பாதுகாப்புத் தரவுத் தாள் என்று தமிழில் சொல்லலாம். ஆய்வகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, "எம்.எஸ்.டி.எஸ்" என்றுதான் பேச்சு. மொத்தம் பதினாறு பிரிவுகள். முதல் பிரிவில் பெயர், நான்காவதில் முதலுதவி, ஐந்தாவதில் தீ, ஏழாவதில் கையாளும் முறையும் சேமிக்கும் முறையும், பதினோராவதில் நச்சுத்தன்மை. எந்த நாட்டுக் கம்பெனி என்றாலும் வரிசை இதேதான். பெரும்பாலும் யாரும் படிக்காமலே ஃபைலில் போய்விடும்.

ஒரு கதைக்கோ கவிதைக்கோ விமர்சனம் எழுதுகிற மாதிரி இந்தத் தாளுக்கும் எழுதலாமே என்று ரொம்ப நாளாக நினைப்பு. இதுவும் ஒரு எழுத்துதானே? இதை எழுதினவர் ஒருவர் இருக்கிறார், மனதில் ஒரு வாசகரை வைத்துத்தான் எழுதியிருக்கிறார். அந்த வாசகர் யார், யார் இல்லை என்று பார்த்தால் பல விஷயம் புலப்படும். நான் எடுத்துக்கொண்டது மெத்தனாலின் தாள். காரணம் கள்ளக்குறிச்சி.

முதலில், தாள் நன்றாகச் செய்கிற வேலை

குறை சொல்வதற்கு முன்னால் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடணும். மெத்தனாலை ஆய்வகத்தில் வைத்திருப்பவருக்கு இந்தத் தாள் உண்மையிலேயே நல்ல வழிகாட்டி.

மெத்தனாலின் கொதிநிலை 64.7 டிகிரி. தீப்பற்றும் நிலை சுமார் 11 டிகிரி. அதாவது நம்ம ஊர் மார்கழி விடியற்காலையில்கூடத் திறந்து வைத்த பாட்டிலுக்கு மேலே நிற்கிற ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். காற்றில் 6 சதவீதத்திலிருந்து 36 சதவீதம் வரை ஆவி கலந்திருந்தால் எரியும். பெட்ரோலுக்கு இந்த வரம்பு இதைவிட ரொம்பக் குறுகியது. இன்னொரு சிக்கல், மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. புகை இல்லை, மங்கலான நீலம் மட்டும். எரிகிறது என்று தெரியாமலே கையை நீட்டுகிறவர்கள் உண்டு. தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்றும் நினைக்க முடியாது. கால் பங்கு மெத்தனால் இருக்கிற தண்ணீர்க் கலவைகூட எரியும்.

அதனால்தான் தாள் சொல்கிறது: தீப்பொறி, ஹீட்டர், ஸ்விட்ச் பக்கத்தில் வைக்காதே. எரியும் திரவங்களுக்கான உலோக அலமாரியில் வை. நைட்ரிக் அமிலம், பெர்குளோரேட் மாதிரி ஆக்சிஜனேற்றிகளோடு ஒரே தட்டில் வைக்காதே. டிரம்மிலிருந்து ஊற்றும்போது இரண்டு பாத்திரத்தையும் கம்பியால் இணைத்துத் தரையோடு சேர், நிலைமின்சாரம் பொறியாகிவிடும். ஃபியூம் ஹுட்டுக்குள் வேலை செய். எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் 200 பிபிஎம் வரைதான் இருக்கலாம் என்று நம் தொழிற்சாலைச் சட்ட அட்டவணையும் வரம்பு வைத்திருந்தது. மெல்லிய நைட்ரைல் கையுறை சில நிமிஷம்தான் தாங்கும். நிறைய நேரம் வேலை என்றால் பியூட்டில் ரப்பர் வேணும். தோல் வழியாகவும் உள்ளே போகும் என்பதை மாணவர்கள் பெரும்பாலும் நம்புவதே இல்லை.

கழிவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. குளோரோஃபார்ம் கழிவும் மெத்தனால் கழிவும் ஒரே கேனில் சேர்ந்து, அதில் யாராவது சோடியம் ஹைட்ராக்சைடு மாதிரி ஒரு காரத்தை ஊற்றினால் கேன் வெடிக்கிற அளவுக்கு வினை நடக்கலாம். குளோரின் உள்ள கரைப்பான்களுக்குத் தனி கேன் வைக்கச் சொல்வது இதனாலும்தான்.

தாவரவியல், மருந்தியல் படிக்கிற பிள்ளைகளுக்கு மெத்தனால் ரொம்பப் பழக்கமான பொருள். மூலிகைச் சாறு எடுப்பது என்றாலே பாதிப் பேர் கையில் மெத்தனால்தான். கல்வராயன் மலைக் கடுக்காயை அரைத்து, சாக்ஸ்லெட்டில் மெத்தனால் ஊற்றிச் சாறு இறக்குகிற வேலை ஆய்வகத்தில் சாதாரணம். அதே கடுக்காயை வெல்லத்தோடு சேர்த்துப் பானையில் ஊறல் போடுவதும் அந்த மலையில் நடந்ததுதான். இந்த இரண்டாவதைப் பற்றித் தாளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லைதான். சிக்கல் வேறு இடத்தில்.

தாளின் வாசகர் யார்?

பதினாறு பிரிவையும் வரிசையாகப் படித்தால் தாள் பேசுகிற ஆள் கண்ணுக்குத் தெரிவார். ஆங்கிலம் தெரிந்தவர். கையில் கண்ணாடி, கையுறை, ஃபியூம் ஹுட் எல்லாம் இருப்பவர். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று முன்பே அறிந்தவர். அவர் இதைக் குடிக்கப்போவதில்லை. கவனக்குறைவாக மூச்சில் இழுக்கலாம், தோலில் பட்டுவிடலாம், அவ்வளவுதான். விழுங்கினால் நஞ்சு என்று எழுதியிருக்கும், மண்டையோட்டுப் படம் இருக்கும், உறுப்புகளைப் பாதிக்கும் என்ற வரி இருக்கும், சில தாள்களில் பார்வை நரம்பு என்றும் இருக்கும். "பூட்டி வைக்கவும்" என்ற கட்டளையும் இருக்கும். அதோடு சேமிப்பு முடிந்தது.

பூட்டின அறைக்குள் இருப்பவருக்குத்தான் இந்தக் கட்டளை. சாவி யாரிடம், பூட்டுக்கு வெளியே போன டிரம்முக்கு யார் பொறுப்பு, காலி டிரம் எங்கே போகிறது, ஏற்றி இறக்குகிறவருக்கு, வேன் ஓட்டுகிறவருக்கு, காவலாளிக்கு என்ன தெரியும் என்பதெல்லாம் தாளின் எல்லைக்கு வெளியே. மெத்தனாலால் மனிதர்கள் கூட்டமாகச் சாவது எப்போதும் அந்த எல்லைக்கு வெளியேதான் நடக்கிறது.

இதை நம் விவசாயத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க. கள்ளக்குறிச்சி பக்கம் மக்காச்சோளத்துக்கோ பருத்திக்கோ மருந்தடிக்கிற ஒருவரிடம் பூச்சிமருந்து டப்பாவைக் காட்டினால், எழுத்தே படிக்காமல் கலரைப் பார்த்துச் சொல்வார். சிவப்பு என்றால் கடும் விஷம், பிறகு மஞ்சள், நீலம், பச்சை. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் அந்தச் சாய்சதுரத்தைக் கட்டாயமாக்கின. உள்ளே மடித்து வைக்கும் துண்டுத்தாள் வட்டார மொழியிலும் இருக்கவேண்டும் என்றன. அந்த ஏற்பாட்டில் ஆயிரம் ஓட்டை, எழுத்து எறும்பு மாதிரி இருக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் டப்பாவைத் தொடுகிற கடைசி ஆள் யார் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். மெத்தனால் டிரம் விஷயத்தில் அந்த யோசனையின் தடயத்தை நான் பார்க்கவில்லை.

கருணாபுரம்: எந்தப் பெயரில் பேசினோம்?

2024 ஜூன் 18 சாயங்காலம் கள்ளக்குறிச்சி நகரத்தில் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகச் சாகத் தொடங்கினார்கள். வயிற்றுவலி, வாந்தி, கண் தெரியவில்லை. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. இறந்தவர்கள் 65 பேருக்கும் மேல். பெண்களும் அதில் உண்டு. கூலி வேலை, சுமை தூக்குகிற வேலை செய்தவர்கள் நிறையப் பேர். போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் பக்கத்திலேயே இருக்கிற இடம் அது என்பதைச் செய்திகள் திரும்பத் திரும்பச் சொன்னன. ஆட்சியர் மாற்றப்பட்டார், எஸ்.பி. சஸ்பெண்ட் ஆனார். ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் வந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போய், நவம்பரில் உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ.க்கு மாறியது.

இந்த நாட்களில் பத்திரிகையும் அரசியலும் நாமும் பயன்படுத்திய சொல் "கள்ளச்சாராயம்". கொஞ்சம் மேலே போனால் "விஷச்சாராயம்". என் விமர்சனத்தில் பாதி இந்தச் சொல்மேல்தான்.

கள்ளச்சாராயம் என்றால் நம் மனதில் ஓடுகிற படம் என்ன? கல்வராயன் மலை. ஓடைக்கரை, புதரில் ஒளித்த பேரல், வெல்லம், கடுக்காய், வேலம்பட்டை, ஊறல். போலீஸ் மலையேறி ஊறலைத் தரையில் கொட்டி அழிக்கிற போட்டோ. கருணாபுரம் நடந்த உடனேயும் அந்த மலையில் ரெய்டு, அந்தப் போட்டோ. ஊறல் போடுவது சட்டப்படி குற்றம், அதைக் குடித்து அழிந்த குடும்பங்கள் ஏராளம், நவச்சாரம் மாதிரி கண்டதையும் போடுகிறவர்கள் உண்டு. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேதியியல் என்ன சொல்கிறது?

வெல்லச் சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்க வைத்தால் வருவது எத்தனால். மெத்தனால் நொதித்தலில் வருவது பழத்தோலில் இருக்கிற பெக்டின் உடையும்போது. அதுவும் கொஞ்சமாக. வெல்ல ஊறலில் ஒரு தெருவையே கொல்கிற அளவுக்கு மெத்தனால் தானாக உருவாகாது. ஒரே ராத்திரியில் இத்தனை பேர் கண்ணும் உயிரும் போகிறது என்றால், அது பானையில் ஊறியது இல்லை, டிரம்மிலிருந்து ஊற்றியது.

இதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே தெளிவான பாடம் இருந்தது. 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு, தடய அறிவியல் சோதனைப்படி அது காய்ச்சின சாராயமே இல்லை, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று அறிக்கை விட்டார். அது மிகச் சரியான வாக்கியம். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு டிரம்கள்மேல் திரும்பியிருக்க வேண்டிய பார்வை, பதின்மூன்று மாசத்தில் மறுபடியும் ஊறல் பானை மேலேயே போய் நின்றது.

சொல் தப்பாக இருந்தால் தேடுகிற இடமும் தப்பாகிவிடும். "கள்ளச்சாராயம்" என்றால் மதுவிலக்குப் போலீஸ் தேடணும். "ரசாயனத் திருட்டு" என்றால் ஆலையின் கையிருப்புப் பதிவேட்டைத் தேடணும். கல்வராயன் மலை மக்களுக்கு இந்தச் சொல்லால் இன்னொரு அநியாயமும் உண்டு. மலையாளி பழங்குடியினர் வாழ்கிற அந்த மலை செய்தியில் வருவதே சாராயத்துக்காகத்தான். அங்கே ரோடு இல்லை, ஆஸ்பத்திரி தூரம் என்பதெல்லாம் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்த பிறகுதான் பெரிதாகப் பேசப்பட்டது. அதுவும் சாராயத்தின் வழியாக வந்த கவனம்தான்.

உடம்புக்குள் நடப்பது

தாளின் பதினோராவது பிரிவை எடுத்துக்கலாம். எண்கள் எல்லாம் எலிக்கும் முயலுக்கும் கொடுத்த அளவுகள். அதை மனிதப் பேச்சில் சொன்னால் இப்படி.

மெத்தனாலே பெரிய விஷம் இல்லை. எத்தனாலை உடைக்கிற அதே நொதி கல்லீரலில் இதையும் உடைக்கிறது. முதலில் ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம். இந்த அமிலம் செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிற கடைசிக் கட்டத்தையே அடைத்துவிடும். ரத்தம் புளித்துப்போகும், மூச்சு வேகமாகும். பார்வை நரம்புதான் முதலில் அடிவாங்கும். பத்து மில்லி போதும் கண் போக. முப்பது மில்லியிலேயே சாவு நடந்திருக்கிறது.

இதில் நேரம்தான் கொடுமை. மாற்றம் மெதுவாக நடப்பதால் குடித்தவுடன் சாதாரணப் போதைதான் தெரியும். பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் உடம்பு காட்டும். பாக்கெட்டில் எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். நொதி எத்தனாலை முதலில் கவனிக்கும், மெத்தனால் வரிசையில் காத்திருக்கும். வைத்தியமும் இதே தத்துவம்தான். ஃபோமெபிசோல் என்ற ஊசி அந்த நொதியை அடைக்கும். அது இல்லாத இடத்தில் டாக்டர் கண்காணிப்பில் அளவோடு எத்தனாலே கொடுப்பார்கள். கூடவே பைகார்பனேட், டயாலிசிஸ். அந்த ஜூன் மாச அரசியல் சண்டையில் இந்த மருந்தின் பெயரே ஓமெப்ரசோலோடு குழம்பிப்போனது. அது வயிற்றுப் புண்ணுக்குப் போடுகிற மாத்திரை.

இந்த இடைவெளியை மனதில் வைத்துக் கருணாபுரத்தைப் பாருங்க. முதல் சாவு நடந்தபோது பக்கத்து வீட்டில் அதே பாக்கெட்டைக் குடித்தவர் நன்றாக நடமாடுகிறார். அப்போ பாக்கெட்டில் தப்பில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். மாவட்ட நிர்வாகத்தின் முதல் பேச்சும் சாராயம்தான் காரணம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர்களும் அதையே குடித்தார்கள் என்று செய்திகள் வந்தன. "உடனே ஒன்றும் தெரியாது" என்கிற ஒரே ஒரு தகவல் அந்தத் தெருவில் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போயிருக்கக்கூடியவர்கள் இருந்தார்கள். தாள்களில் அந்தத் தகவல் பெரும்பாலும் இருக்கிறது, "அறிகுறிகள் தாமதமாகலாம்" என்று ஒரு மூலையில். மருத்துவ ஆலோசனை பெறவும் என்ற வரிக்குப் பக்கத்தில்.

சட்டம் எதைக் கசப்பாக்கியது, எதை விட்டது

மெத்தனாலுக்குச் சட்டமே இல்லை என்று நினைக்கக்கூடாது. தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டு விதிகளே இருக்கின்றன. இயல்பு மாற்றிய சாராயம், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் என்கிற ஃபிரெஞ்ச் பாலிஷ், மூன்றுக்கும் சேர்த்து ஒரே விதித்தொகுப்பு. பெயரிலேயே வரலாறு இருக்கிறது பாருங்க. எதையெல்லாம் குடிப்பார்கள் என்று பயந்தார்களோ அதன் பட்டியல் அது. உரிமம், பதிவேடு எல்லாம் உண்டு. 2024 ஜூன் கடைசியில் மதுவிலக்குச் சட்டத் திருத்தம் வந்தது. சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம். ஆனால் தண்டனை கூடினது சாவு நடந்த பிறகான கணக்கு. டிரம் ஆலையை விட்டுப் போகிற நிமிஷத்தைப் பற்றி நான் கேட்பது வேறு.

ஒரு முரணைக் கவனியுங்க. எத்தனால் குடிக்கக்கூடிய பொருள். தொழிற்சாலைக்கு வரிச்சலுகையில் போகிற எத்தனாலை யாரும் குடித்துவிடக்கூடாது என்று அதில் பிரிடின் மாதிரி நாற்றமடிப்பதையோ டெனடோனியம் மாதிரி கசப்பதையோ கலக்கிறார்கள். அதுதான் இயல்பு மாற்றிய சாராயம். அரசு வருமானத்தைக் காப்பாற்ற அந்தக் கசப்பு. உயிரைக் கொல்கிற மெத்தனால் வருவதோ தண்ணீர் மாதிரி நிறமில்லாமல், எத்தனால் மாதிரியே மணத்தோடு. நாக்கிலும் வித்தியாசம் தெரியாது.

ரேஷன் மண்ணெண்ணெயை நீலமாக்கினோம், மானியத்தைத் திருடக்கூடாது என்று. சமையல் கேஸுக்கு வாசனையே கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் கலந்து நாற வைத்தோம். ஒரு பொருளைத் தன்னைத்தானே காட்டிக்கொடுக்க வைக்கிற வித்தை நமக்குத் தெரியாததில்லை.

மெத்தனாலின் பழைய கதையும் இதையே சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரத்தைக் காய்ச்சி எடுத்த மெத்தனால் நாறும், யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். அதைச் சுத்தம் செய்து நாற்றத்தை நீக்கி, "கொலம்பியன் ஸ்பிரிட்" மாதிரி நல்ல பெயர் வைத்து அமெரிக்காவில் விற்றார்கள். மலிவான மருந்திலும் பானத்திலும் அது கலந்து, கண்ணிழப்பும் சாவும் பெருகின. பொருள் சுத்தமானதால் வந்த ஆபத்து அது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லணும். மூன்று.

ஒன்று, கசப்பைச் சேர்த்தால் மட்டும் சாவு நிற்காது. அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் தொழிற்சாலைச் சாராயத்தில் அரசே மெத்தனாலைக் கலக்கச் சொன்னது. குடித்துச் செத்தார்கள். ஆன்டிஃப்ரீஸில் கசப்பைக் கட்டாயமாக்கின அமெரிக்க மாநிலங்களில்கூட நஞ்சு விபத்துகள் குறைந்ததாகத் தெளிவான ஆதாரம் வரவில்லை. இரண்டு, கரித்தூளில் வடிகட்டி நிறத்தையும் கசப்பையும் ஓரளவு எடுத்துவிடலாம். மூன்று, மருந்து ஆலைக்கும் எச்.பி.எல்.சி. கருவிக்கும் கலப்பில்லாத மெத்தனால்தான் வேணும்.

மூன்றும் சரிதான். ஆனால் முதலாவதில் அரசு செய்தது நஞ்சைச் சேர்த்தது. நான் பேசுவது நஞ்சை அடையாளம் காட்டுவது, இரண்டும் வேறு. ஆன்டிஃப்ரீஸ் கணக்கில் பேசப்பட்டவை தெரியாமல் ஒரு வாய் குடிக்கிற குழந்தைகளும் நாய்களும். பாக்கெட் வியாபாரமோ ருசியில் நடக்கிறது, கசக்கிற பாக்கெட்டை யாரும் இரண்டாவது தடவை வாங்கமாட்டார்கள். இரண்டாவதுக்குப் பதில்: வடிகட்டுகிற அளவுக்கு மெனக்கெடுகிறவனுக்கு, தான் வைத்திருப்பது என்ன என்று தெரிந்துவிடும். தெரியாமல் கலந்தேன் என்ற பேச்சு அங்கே முடிகிறது. மூன்றாவதுக்கு, கலப்பில்லாததைக் கேட்கிற ஆலைக்குக் கணக்கை இறுக்கலாம்.

கணக்கை இறுக்குவதற்கும் முன்மாதிரி இருக்கிறது. அசிட்டிக் அன்ஹைட்ரைடு என்ற ஆய்வக ரசாயனம் ஹெராயின் தயாரிக்க உதவும் என்பதால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவு, காலாண்டு அறிக்கை, சரக்கோடு போகிற சீட்டு எல்லாம் கட்டாயம். மெத்தனாலின் அளவு பல மடங்கு பெரிசு. ஃபார்மால்டிஹைடு, ப்ளைவுட் பசை, மருந்து, பெயின்ட் என்று எங்கும் போகிறது. எல்லா டிரம்மையும் அப்படி விரட்ட முடியாது என்பார்கள். எல்லா டிரம்மும் வேண்டாம். ஒவ்வொரு ஆலையும் உள்ளே வந்தது, பொருளாக வெளியே போனது, ஆவியாகப் போனது என்று மூன்று எண்ணைக் காட்டட்டும். ஆவிக் கணக்கு எவ்வளவு நியாயம் என்று ஒரு வேதியியல் பட்டதாரியால் சொல்லிவிட முடியும். மெத்தனால் திருடுபோவதை மறைக்க அந்த மூன்றாவது எண்ணைவிட வசதியான இடம் கிடையாது.

காலி டிரம்மும் கணக்கில் வரணும். நம்ம ஊரில் நீல பிளாஸ்டிக் டிரம்முக்கு மறுபிறவி நிச்சயம். தண்ணீர் பிடிக்க, அரிசி வைக்க, கல்யாண வீட்டில் மோர் கலக்க என்று எங்காவது போய்ச் சேரும். உள்ளே என்ன இருந்தது என்ற எழுத்து முதல் மழையிலேயே போய்விடும்.

பதினேழாவது பிரிவு

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கருணாபுரத்துக்குப் போனது கல்லூரி ஆய்வகத்தின் இரண்டரை லிட்டர் பாட்டில் இல்லை, நிஜம்தான். ஆனால் பழக்கம் ஒன்றுதான். மெத்தனாலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மேஜையில் வைப்பது, வாஷ் பாட்டிலில் பெயர் எழுதாமல் விடுவது, பதிவேட்டில் வருஷக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் எல்லா எண்ணையும் நிரப்புவது, ஆய்வக உதவியாளரிடம் "அதைத் தொடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏன் என்று சொல்லாமல் போவது. டிரம் அளவில் நடக்கிற தப்பின் சின்ன உருவம்தான் இதெல்லாம். பெயர் எழுதுங்க, தமிழில் எழுதுங்க, அறையைப் பெருக்குகிற அக்காவுக்கும் அது என்னவென்று தெரியட்டும்.

தாளில் பதினேழாவதாக ஒரு பிரிவு சேர்க்கச் சொன்னால் நான் எழுதுவது இது. டிரம்மின் இரண்டு பக்கமும், அழியாத மையில், பத்தடி தூரத்திலிருந்து படிக்கிற எழுத்தில்:

"இது சாராயம் இல்லை. சாராயம் மாதிரியே மணக்கும், போதையும் வரும். குடித்தால் கண் போகும், உயிர் போகும். உடனே ஒன்றும் தெரியாது, அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் தெரியும். குடித்துவிட்டால் நன்றாக இருந்தாலும் உடனே 108-க்குக் கூப்பிடு. மெத்தனால் என்று டாக்டரிடம் சொல். கூடக் குடித்த எல்லோரையும் கூட்டிக்கொண்டு போ."

பாக்கெட்டைக் கிழித்துக் குடிக்கிறவர் கண்ணில் டிரம் படாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த டிரம்மை ஏற்றினவர், ஓட்டினவர், இறக்கினவர், அதிலிருந்து கேனில் ஊற்றினவர், பாக்கெட் போட்டவர் என்று நாலைந்து பேர் கைமாறித்தான் அது கருணாபுரம் போகிறது. அவர்களில் பாதிப் பேருக்கு ஸ்பிரிட்டுக்கும் மெத்தனாலுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. தெரிந்தே செய்கிறவனைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். தெரியாமல் கைமாற்றுகிற ஒருவர் நடுவில் நின்றுவிட்டால் போதும், அந்த டிரம் ஊருக்குள் வராது. அவரை வாசகராக வைத்து இதுவரை யாரும் எழுதவில்லை என்பதுதான் இந்தத் தாளைப் பற்றி எனக்கு இருக்கிற பெரிய குறை.